இலவச மொபைல் கேம்களில் வரும் விளம்பரங்களை விளையாடுபவர்கள் உண்மையிலேயே வெறுக்கிறார்களா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். விளையாடுபவர்கள் விளம்பரங்களை உண்மையிலேயே வெறுக்கிறார்களா என்பது ஒன்று. கேமை இலவசமாகப் பெற்றுக்கொண்டு அதில் வரும் விளம்பரத்தைத் திட்டுவது நியாயமா என்பது மற்றொன்று. கோயம்புத்தூரில் மொபைல் கேம்கள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், ப்ளே ஸ்டோரில் வரும் ரிவ்யூக்களைப் படித்து, வகை பிரித்து, தயாரிப்புக் குழுவிடம் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், நானே நெடுங்காலமாக விளையாடி வருவதிலிருந்தும் சொல்கிறேன்: விளம்பரம் என்பதற்காகவே அதை வெறுப்பவர்கள் குறைவு. கேட்காத நேரத்தில், கையில் இருக்கும் ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும் விளம்பரத்தை வெறுப்பவர்களே மிக அதிகம். அந்த வெறுப்பு முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறக்கப்பட்டபோது, ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அது முழுக்க இலவசம். இலவச ஆப்களுக்குள்ளேயே பொருள்களை விற்கலாம் என்று 2009 அக்டோபரில் அந்த நிறுவனம் அனுமதித்த பிறகுதான் இன்று நாம் காணும் வணிகமுறை வேரூன்றியது. ஆனால் அப்படி உள்ளே விற்கப்படுவதைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் எப்போதுமே மிகச் சிறிய பகுதியினர். மற்ற அனைவரிடமிருந்தும் வருமானம் வர வேண்டுமானால் அதற்கு விளம்பரமே பெரிய வழி. ஐபோனில் விலைக்கு விற்ற ஆங்கிரி பேர்ட்ஸை 2010இல் ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தபோது, ரோவியோ நிறுவனம் அதை விளம்பரங்களோடு இலவசமாகவே கொடுத்தது. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் உருவாக்கிய ஃப்ளாப்பி பேர்ட் 2014இன் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியபோது, திரையில் தோன்றும் ஒரு சிறிய பேனர் விளம்பரத்தால் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் வருவதாக அவரே ஒரு பேட்டியில் தெரிவித்தார். அந்த கேமைக் கோடிக்கணக்கானவர்கள் திட்டித் தீர்த்தது அதன் கடினத்துக்காக, பேனருக்காக அல்ல. ஆட்டத்தை மறிக்காமல் ஓர் ஓரத்தில் இருக்கும் விளம்பரத்தோடு மக்கள் சச்சரவின்றி வாழ்ந்துவிடுவார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதில் திருப்பம் தந்த கேம் கிராஸி ரோடு. ஆஸ்திரேலியாவின் ஹிப்ஸ்டர் வேல் என்ற மிகச் சிறிய குழு 2014 நவம்பரில் வெளியிட்ட அந்தக் கேமில், சாலையைக் கடக்கும் கோழி வண்டியில் அடிபட்டவுடன் எந்த விளம்பரமும் தானாகப் பாய்ந்து வராது. ஒரு விளம்பர வீடியோவைப் பார்த்தால் நாணயங்கள் கிடைக்கும் என்று ஒரு பொத்தான் தோன்றும். விருப்பம் இருந்தால் தொடலாம், இல்லையென்றால் அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். அந்த நாணயங்களைச் சேர்த்துப் புதிய கதாபாத்திரங்களை வெல்ல முடியும் என்பதால் மக்கள் அந்தப் பொத்தானைத் தாங்களாகவே தேடித் தொட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் 5 கோடிப் பதிவிறக்கங்களும், விளம்பரமும் விற்பனையும் சேர்ந்து சுமார் 1 கோடி டாலர் வருமானமும் கிடைத்ததாக அதன் படைப்பாளிகள் 2015இல் அறிவித்தபோது, விளையாடுபவரை எரிச்சலூட்டாமலும் சம்பாதிக்க முடியும் என்று துறை முழுவதும் புரிந்துகொண்டது. இன்று ‘வீடியோ பார்த்தால் ஓர் உயிர்’, ‘வீடியோ பார்த்தால் இரட்டைப் பரிசு’ என்று நாம் எங்கும் பார்ப்பவை அந்த வழியில் வந்தவை.

நான் படித்த ரிவ்யூக்களில் இந்த வகை விளம்பரங்களைப் பற்றிய புகார் எப்போதும் தலைகீழாகவே இருந்தது. விளம்பரம் வருகிறது என்று யாரும் குறை சொல்லவில்லை; ‘விளம்பரம் லோடு ஆகவில்லை, என் பரிசு போய்விட்டது’ என்றே எழுதினார்கள். விளம்பரத்தை வேண்டிக் கேட்டுப் புகார் எழுதும் வாடிக்கையாளர்களை வேறெந்தத் துறையில் பார்க்க முடியும்? அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1966இல் விளக்கிய ஒரு கருத்து இந்த இடத்தில் பொருந்துகிறது. ஒருவருக்கு இருக்கும் தெரிவுரிமையைப் பறிக்கும்போது அவருக்குள் எதிர்ப்பு கிளம்பும் என்பது அவருடைய கோட்பாடு. முப்பது வினாடி வீடியோ ஒன்றுதான். அதை நானே தொட்டு வரவழைத்தால் செலுத்திய விலையாகத் தோன்றுகிறது, அதுவாகவே வந்து விழுந்தால் அபராதமாகத் தோன்றுகிறது. தொட்டு வரவழைத்தவர்கள்கூட அதை உற்றுப் பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். ஒலியைக் குறைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருகிறார்கள். ஆனாலும் அவர்கள் கோபப்படுவதில்லை.

அதற்காக இந்தப் பரிசு விளம்பரங்களை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிவுரிமை என்ற பெயரை வைத்துக்கொண்டே அதைக் குழிதோண்டிப் புதைக்க முடியும். நான் வேலை செய்த இடத்தில் ஒரு கேமின் லெவல் பரிசைப் படிப்படியாகக் குறைத்து, வீடியோ பார்த்து இரட்டிப்பாக்கினால்தான் அடுத்த லெவலுக்குத் தேவையான நாணயம் சேரும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சில வாரங்கள் வீடியோக்களின் எண்ணிக்கை கூடியது. பின்னர் ரிவ்யூக்களின் தொனி மாறியது. ‘முன்பு விளையாட்டாக இருந்தது, இப்போது வேலையாக இருக்கிறது’ என்ற பொருள்பட எழுதியவர்கள் பலர். பொத்தான் அதே இடத்தில்தான் இருந்தது, தொடாமல் விடும் உரிமையும் பெயரளவில் இருந்தது. ஆனால் தொடாமல் விட்டால் ஆட்டமே நகராது என்பதை விளையாடுபவர்கள் மிக விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதலில் வலியை உண்டாக்கிவிட்டுப் பிறகு மருந்து விற்பது போன்ற இந்த முறையை அவர்கள் கட்டாய விளம்பரத்தைவிடக் கடுமையாக வெறுத்தார்கள். கட்டாய விளம்பரமாவது வெளிப்படையாக வருகிறது.

அந்தக் கட்டாய விளம்பரம், அதாவது ஆட்டத்தின் நடுவே திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வருவது, ஹைப்பர் கேஷுவல் எனப்படும் மிக எளிய கேம்களின் காலத்தில் உச்சத்துக்குப் போனது. ஒரு சில வினாடிகளில் முடியும் லெவல். அது முடிந்தவுடன் ஒரு முழுத்திரை வீடியோ. அடுத்த லெவலின் தொடக்கத்தில் மீண்டும் ஒன்று. இவற்றில் மக்களை மிகவும் கொதிக்க வைப்பது விளம்பரத்தின் நீளம் அல்ல, ஏமாற்றும் வடிவமைப்பு. மூடுவதற்கான பெருக்கல் குறி கண்ணுக்குத் தெரியாத அளவில் மூலையில் இருக்கும். தொட்டால் மூடுவதற்குப் பதிலாக ப்ளே ஸ்டோர் திறக்கும். திரும்பி வந்தால் வேறொரு மூலையில் இன்னொரு குறி முளைத்திருக்கும். லெவலைத் தொடங்கப் பெருவிரல் இறங்கும் அதே நொடியில் விளம்பரம் தோன்றினால், விரல் விளம்பரத்தின் மேல் படுவது தற்செயல் அல்ல. இந்தக் குமுறலை கூகுளே கடைசியில் கேட்டுக்கொண்டது. 2022 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த ப்ளே ஸ்டோர் விதிகளின்படி, எதிர்பாராத தருணத்திலும் லெவலின் தொடக்கத்திலும் முழுத்திரை விளம்பரம் வரக்கூடாது. 15 வினாடிகளுக்குப் பிறகும் மூட முடியாதபடி அது இருக்கக்கூடாது. விளையாடுபவர் தாமே விரும்பிப் பார்க்கும் பரிசு விளம்பரங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன வேறுபாட்டை விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. விதி எல்லா இடத்திலும் பின்பற்றப்படுகிறதா என்றால், என் போனில் இருக்கும் சில கேம்களைப் பார்த்தாலே இல்லை என்று சொல்லிவிடலாம்.

நம் ஊரில் இதற்கு மக்கள் கண்டுபிடித்த வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததே: டேட்டாவை அணைத்துவிட்டு விளையாடுவது. பேருந்தில் பக்கத்து இருக்கைச் சிறுவன்கூட இதைச் சொல்லித் தருவான். நிறுவனங்கள் இதற்குப் பதிலடியாக, இணைப்பு இல்லாமல் கேம் திறக்காதபடி செய்தன. அவ்வாறு செய்த கேம்களின் ரிவ்யூப் பக்கத்தைத் திறந்தால் ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். இதில் இந்தியப் பயனர்களுக்கு ஒரு கூடுதல் சுமையும் உண்டு. ஒரே விளம்பரத்தை அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் கேம் நிறுவனத்துக்குக் கிடைக்கும் தொகையைவிட இந்தியாவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பது மிகவும் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்ட, இங்கே அதிக விளம்பரங்களைக் காட்டலாம் என்ற எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு இயல்பாகவே வருகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவாகும் முன்பு, ஒவ்வொரு வீடியோ விளம்பரமும் பார்ப்பவரின் ரீசார்ஜ் பணத்தையே தின்றது. இப்போது பணம் அவ்வளவாகப் போவதில்லை; நேரம் போகிறது.

விளம்பரம் எதைக் காட்டுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். ஒரு கேமுக்குள் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை வேறொரு கேமைப் பற்றியவை. அவற்றில் பல, உள்ளே இல்லாத ஆட்டத்தை இருப்பதாகக் காட்டுகின்றன. ஊசிகளை இழுத்துத் தண்ணீரையும் நெருப்புக் குழம்பையும் திசைதிருப்பும் அந்தப் புதிரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் ஆகிய கேம்களுக்கு அப்படி வந்த விளம்பரங்களை, உண்மையான ஆட்டத்தை அவை பிரதிபலிக்கவில்லை என்று கூறி, பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஸ்ஏ 2020 செப்டம்பரில் தடுத்தது. தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு இன்னும் கசப்பான ஒரு முகம் இருந்தது. குடும்பத்தோடு விளையாடும் லூடோ, கேரம் போன்ற இலவச கேம்களுக்கு நடுவே பணம் வைத்து ஆடும் ரம்மி விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையவழிப் பண விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. அந்த விளம்பரங்களைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பதறி எழுதிய பெற்றோரின் ரிவ்யூக்களை நான் படித்திருக்கிறேன். அவர்களுக்குக் கேம் பிடித்திருந்தது. ஆனால் அது யாரை வீட்டுக்குள் அழைத்துவருகிறது என்பது பிடிக்கவில்லை.

சிறு குழந்தைகளுக்கான கேம்களில் என் நிலைப்பாடு இன்னும் கடுமையானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தும் 135 ஆப்களை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 95 சதவீத ஆப்களில் ஏதோவொரு வகையில் விளம்பரம் இருந்தது. விளம்பரம் எது, ஆட்டம் எது என்று பிரித்தறிய முடியாத வயதில் தெரிவுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வயதுக்கான கேம்களில் பரிசு விளம்பரம்கூட இருக்கக்கூடாது.

இலவசமாகப் பெற்றுக்கொண்டு திட்டலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்கிய கேமில் விளம்பரம் வந்தபோது நடந்ததை முதலில் பாருங்கள். முழு விலைக்கு விற்கப்பட்ட யூஎஃப்சி 4 என்ற சண்டை கேமில், வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, 2020 செப்டம்பரில் ஆட்டத்தின் மறுகாட்சிகளுக்கு நடுவே ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரம் தோன்றத் தொடங்கியது. எதிர்ப்பு அத்தனை வேகமாக எழுந்ததால் அந்தக் கேமை வெளியிட்ட இஏ நிறுவனம் உடனே விளம்பரத்தை நீக்கியது. இலவச கேமில் அதே அளவு விளம்பரம் வந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பேசிக்கொண்டது என்ன, நடப்பது என்ன என்பதை ஒப்பிட்டே விளையாடுபவர் கோபப்படுகிறார். இலவச கேமிலும் பேச்சு என்று ஒன்று இருக்கிறது: என் கவனத்தில் கொஞ்சம் தருகிறேன், நீ எனக்கு ஓர் ஆட்டம் தா. என் கவனம் இலவசம் அல்ல. அதை எடுத்துத்தான் நிறுவனம் விளம்பரதாரரிடம் விற்கிறது. எனவே விலை கொடுத்தவருக்கு உள்ள உரிமை எனக்கும் உண்டு. காசு கொடுத்து ‘விளம்பரத்தை நீக்கு’ என்ற வசதியை வாங்கிய பிறகும் வேறு வடிவில் விளம்பரம் காட்டும் கேம்களுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இந்தச் சிக்கலைத் தொடாமலே ஒதுக்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம், விளம்பரம் பார்த்தால்தான் விளையாடலாம் என்பதையும் விளம்பரம் பார்த்தால் பரிசு என்பதையும் தன் விதிகளில் அனுமதிப்பதில்லை. மொபைலில் அது நடக்காது என்று நினைக்கிறேன்; காசு கொடுக்க வழியில்லாத கோடிக்கணக்கானவர்கள் விளையாட முடிவது விளம்பரத்தால்தான் என்பதால், அது நடக்க வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு கேமுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுக்கும்போது, ‘விளம்பரம் அதிகம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடத்தில் வந்தது, லெவல் முடிந்த பிறகா நடுவிலா, மூட முடிந்ததா, தொடாமலே ப்ளே ஸ்டோர் திறந்ததா என்று எழுதுங்கள். ‘அதிகம்’ என்ற ரிவ்யூக்களை நாங்கள் ஒரு பொதுப் பெட்டியில் போட்டுவிடுவோம். இடத்தைக் குறிப்பிட்டு எழுதியவை மட்டுமே தயாரிப்புக் குழுவின் மேசைக்குப் போயின, அவற்றில் சில அடுத்த பதிப்பில் திருத்தவும் பட்டன.