சாமிப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றலாமா?

கேள்வி: நான் சைவம், கணவர் கத்தோலிக்கர். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். கத்தோலிக்கர் இறந்தோரை நினைக்கும் நாளான நவம்பர் 2ஆம் திகதி மாமியார், இறந்துபோன மாமாவின் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றினார். அதே சாமித் தட்டில்தான் என் பிள்ளையார் படமும் இருக்கிறது. தெரிந்த பூசாரி ஒருவர் இது தோஷம், தன்னிடம் எண்ணெய் வாங்கி 21 வாரம் விளக்குப் போட வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தோஷம் ஒன்றும் இல்லை மகளே. முதலில் பூசாரிக்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள்.

நம் வீடுகளில் மெழுகுதிரி வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் மிருகக் கொழுப்பில் மெழுகுதிரி செய்தார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பரஃபின் மெழுகு. சாமிக்கு எண்ணெய் விளக்குத்தான் நம் வழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் கரண்ட் போன இரவில் பிள்ளையாருக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான். ‘ஐங்கூட்டு எண்ணெய்’, ‘தீப எண்ணெய்’ என்று சாமிப் படம் ஒட்டிய போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒரு திரி போட்டு எரித்துப் பாருங்கள். கரும்புகை எழும்பி நாலே நாளில் படத்துக் கண்ணாடி மங்கினால் அதைத் தூக்கி வீசுங்கள். சமையலுக்கு வாங்கும் தேங்காய் எண்ணெயில் ஒரு கரண்டி போதும். 21 வாரக் கணக்கு எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

விளக்கை வாயால் ஊதக்கூடாது என்பது எச்சில் படும் என்பதற்காக. பூவால் அமர்த்தலாம், திரியை எண்ணெய்க்குள் இழுத்தும் விடலாம். கத்தோலிக்கருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும். கரண்டியைக் கவிழ்த்து மூடச் சொல்லுங்கள், மாமியாரும் கோபிக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் சாவு விழுந்து தீட்டு நடக்கும்போது சாமி விளக்கு ஏற்றுவதில்லை. ஆனால் இறந்தவர் படத்துக்கு முன்னால் வைக்கும் விளக்கு சாமி விளக்கு அல்ல. அது கருமாதி வரைக்கும் எரியத்தான் வேண்டும். ‘தீட்டு வீட்டில் விளக்கே கூடாது’ என்று யாராவது சொன்னால் அவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். கருமாதி முடிந்து தீட்டுக் கழித்த பிறகு சாமி விளக்கை மறுபடி ஏற்றலாம். அதற்கும் தனி அனுமதி, தனிக் காணிக்கை எதுவும் தேவையில்லை. உங்கள் மாமியார் ஏற்றியதும் இறந்தவருக்கான வெளிச்சம்தான், பெயர்தான் வேறு. மனசுக்கு நெருடலாக இருந்தால் மாமாவின் படத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

சரி, எனக்குத் தோஷத்தைவிடப் பயம் உங்கள் கூரையைப் பற்றித்தான். லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் (அறை வீட்டுக்கும்) ஒரே கூரை, அதற்குக் கீழே விறகு அடுக்கும் அட்டல் (பரண்). ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே போய்விடும். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் (நில அளவு) காணி, தனி வீடு என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எரிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் பாய் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் மெழுகுதிரியைப் பிளாஸ்டிக் மூடியில், அட்டைப் பெட்டியில் ஒட்டாதீர்கள். திரி அடிவரை எரிந்து அந்த மூடியோ பெட்டியோ பற்றும்போது நீங்கள் தூங்கிப்போயிருப்பீர்கள். அலுமினியத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் மெழுகைச் சொட்டி நிறுத்துங்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கும் இதே கணக்குத்தான். சிட்டி விளக்குகளை (சின்ன மண் விளக்குகளை) இஸ்தோப்புச் (முன் திண்ணைச்) சீமெந்துத் தரையில் வையுங்கள், விறகுக் கட்டுப் பக்கம் வேண்டாம். அன்றைக்கு மாமியாரையும் இரண்டு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள்.