இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கு எதிரான சதிகளில் உண்மையிலேயே ஆபத்தானது எது?

கேள்வியில் இன்னொரு பாதியும் இருக்கிறது: அத்தனை சதிகளும் நிஜம்தானா, இல்லை கத்தோலிக்கர்களை நசுக்குவதற்காக அரசே ஊதிப் பெருக்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வரலாறு படித்தவன் இல்லை, கணினிப் பாதுகாப்பில் பிழைப்பு நடத்துகிறவன். சங்கேத எழுத்துகளைப் பற்றி ஏதோ படிக்கப் போய், ஸ்காட்லாந்து ராணி மேரியின் கடிதங்களில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படித்துப் படித்து இங்கிலாந்தை டியூடர் வம்சம் ஆண்ட காலத்துக்குள்ளேயே விழுந்துவிட்டேன். அதனால் பதில் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். என்னைக் கேட்டால் மிகப் பெரிய ஆபத்து எந்தச் சதியிலும் இல்லை, 1570ல் ரோமிலிருந்து வந்த ஒரு காகிதத்தில் இருந்தது.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றி முதல் மனைவி கேத்தரினைத் தள்ளிவைத்துவிட்டு ஆன் போலினைக் கட்டிக்கொண்டார், போப் அதை ஏற்கவில்லை, ஹென்றி போப்பையே உதறிவிட்டு 1534ல் இங்கிலாந்து திருச்சபைக்குத் தன்னையே தலைவராக்கிக்கொண்டார். 1533 செப்டம்பரில் ஆனுக்குப் பிறந்தவர்தான் எலிசபெத். கத்தோலிக்கக் கணக்கில் முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்திக்குப் பிறந்த குழந்தை, அதாவது அரியணைக்கு உரிமையே இல்லாதவர். தம்பி எட்வர்ட் காலத்தில் நாடு முழு புராட்டஸ்டண்ட் ஆனது. அக்கா மேரி வந்ததும் மறுபடி கத்தோலிக்கம், சுமார் 280 புராட்டஸ்டண்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். (இந்த மேரி வேறு, பின்னால் வரப்போகும் ஸ்காட்லாந்து மேரி வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் முதலில் குழம்பினேன்.) 1554ல் வயாட் என்பவர் கலகம் செய்தபோது சந்தேகத்தின் பேரில் எலிசபெத்தையே லண்டன் டவரில் அடைத்தார்கள். அம்மாவின் தலையை வெட்டிய அதே இடத்தில் மகளும் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார். 1558 நவம்பர் 17 அன்று ராணியானபோது வயது 25.

அவருடைய சொந்த நம்பிக்கை என்ன என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ராணியான முதல் கிறிஸ்துமஸ் பூசையில், அப்பத்தைக் கத்தோலிக்க முறைப்படி உயர்த்திக் காட்டாதே என்று சொல்லியும் ஆயர் உயர்த்தினார், ராணி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். சரி, தீவிர புராட்டஸ்டண்ட் போல என்று நினைத்தால், தன் சொந்தச் சிற்றாலயத்தில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வேண்டும் என்று தன் ஆயர்களோடேயே மல்லுக்கு நின்றார். 1559ல் போட்ட ஏற்பாடும் அதே மாதிரி நடுவாந்தரமானதுதான்: ஞாயிற்றுக்கிழமை அரசின் கோயிலுக்கு வா, வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம், மனதுக்குள் என்ன நினைக்கிறாய் என்று தோண்ட மாட்டோம். அந்தச் சட்டம் பிரபுக்கள் சபையில் வெறும் 3 ஓட்டில் தப்பியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு வேறு வழி இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. மனித உள்ளத்துக்குள் ஜன்னல் திறந்து பார்க்க விரும்பாதவர் என்று அவரைப் பற்றி ஒரு வரி சுற்றுகிறதே, அது அவர் சொன்னதில்லை, பிரான்சிஸ் பேகன் அவருடைய கொள்கையை விளக்கி எழுதியது.

இந்த ஏற்பாடு பத்து வருடம் எப்படியோ ஓடியது. பல வீடுகளில் கணவன் கோயிலுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான், மனைவி வீட்டிலேயே ஜெபமாலை உருட்டுவாள். அதிகாரிகளும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

1568 மே மாதம் ஸ்காட்லாந்து ராணி மேரி சொந்த நாட்டுப் பிரபுக்களிடம் தோற்று, ஒரு சிறு படகில் ஓடிவந்து இங்கிலாந்தில் கரையிறங்கினார். எலிசபெத்தின் அத்தை மகனுக்கு மகள், நம்மூர் முறைப்படி மகள் முறை வரும். கத்தோலிக்கர், எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லாததால் அடுத்த வாரிசும் அவர்தான், கத்தோலிக்கக் கணக்கிலோ இப்போதே ராணியாக வேண்டியவர். திருப்பி அனுப்பினாலும் வம்பு, பிரான்சுக்குப் போகவிட்டாலும் வம்பு, விடுதலையாக உலவவிட்டால் அதைவிட வம்பு. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட கதையாக அடுத்த 19 வருடம் கோட்டை கோட்டையாக மாற்றி அடைத்து வைத்தார். அடுத்த ஆண்டே, 1569 நவம்பரில், வடக்கே நார்தம்பர்லேண்ட், வெஸ்ட்மோர்லேண்ட் பிரபுக்கள் கிளம்பி, டர்ஹாம் பேராலயத்துக்குள் புகுந்து ஆங்கில பைபிளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழையபடி பூசை நடத்தினார்கள். சில வாரங்களில் கலகம் அடங்கியது. பிரபுக்கள் எல்லை தாண்டி ஓட, சாதாரண ஜனங்கள் நூற்றுக்கணக்கில் ஊர் ஊராகத் தூக்கில் தொங்கினார்கள்.

இங்கேதான் நான் சொன்ன காகிதம் வருகிறது. கலகம் முடிந்துபோன பிறகு, 1570 பிப்ரவரி 25 அன்று, போப் ஐந்தாம் பயஸ் ஓர் ஆணை வெளியிட்டார்: எலிசபெத் திருச்சபையிலிருந்து நீக்கம், அரியணை உரிமை ரத்து, குடிமக்கள் யாரும் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை, கீழ்ப்படிந்தால் அவர்களும் சபைக்கு வெளியே. மே மாதம் ஜான் ஃபெல்டன் என்பவர் அதன் ஒரு பிரதியை லண்டன் ஆயர் மாளிகைக் கதவில் ஆணியடித்து மாட்டினார், ஆகஸ்டில் அவரைக் கொன்றார்கள்.

இதைவிட மோசமான நேரத்தில், மோசமான முறையில் ஒரு ஆணை வந்திருக்க முடியாது. அதுவரை ஒரு கத்தோலிக்கக் குடும்பம் ராணிக்கும் விசுவாசமாக இருந்துகொண்டு ரோமுக்கும் விசுவாசமாக இருந்துவிட முடிந்தது. ஒரே நாளில் அந்த நடுவாசலை போப் இழுத்துச் சாத்தினார். மறுபக்கம் அரசும் அதே கதவுக்குத் தன் பங்குக்குப் பூட்டுப் போட்டது: ராணி உண்மையான ராணி இல்லை என்று சொல்வதே ராஜத்துரோகம், ரோமிலிருந்து எந்த ஆணையைக் கொண்டுவந்தாலும் ராஜத்துரோகம் என்று 1571லேயே சட்டம். 1581ல் கோயிலுக்கு வராத அபராதம் மாதம் 20 பவுண்டாக ஏறியது. ஷேக்ஸ்பியர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பள்ளி வாத்தியாருக்கு ஒரு வருடச் சம்பளமே 20 பவுண்ட்தான். 1580ல் அடுத்த போப் கிரகரி, இப்போதைக்கு ராணிக்குக் கீழ்ப்படியலாம், நிலைமை மாறும்வரை தவறில்லை என்று ஒரு சலுகை தந்தார். நல்லெண்ணத்தில் தந்ததாகவே இருக்கட்டும், ஆனால் அதைப் படிக்கும் ஒரு மந்திரிக்கு என்ன தோன்றும்? 'இப்போதைக்கு' என்றால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு அதே ஆண்டு டிசம்பரில் போப்பின் செயலர் கர்தினால் கோமோ மாட்ரிட்டிலிருந்த தூதருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பெண்மணியை உலகத்தைவிட்டு அனுப்புகிறவன் பாவம் செய்தவன் ஆகமாட்டான், புண்ணியம்தான் என்கிற அர்த்தத்தில் பதில் போகிறது. ஆகவே ஆபத்து நிஜமா என்றால், நிஜம்தான். 1584ல் நெதர்லாந்தில் ஆரஞ்ச் இளவரசர் வில்லியமை வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றபின் லண்டனில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது.

ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். யார்க் நகரத்தில் மார்கரெட் கிளித்தரோ, கசாப்புக் கடைக்காரரின் மனைவி, முப்பது வயதுக்காரி. கணவர் ஒழுங்காக அரசின் கோயிலுக்குப் போகிறவர், மனைவிக்காக அபராதமும் கட்டியவர். வெளிநாட்டில் பட்டம் பெற்ற பாதிரியார் இங்கிலாந்தில் கால் வைத்தாலே ராஜத்துரோகம், அவருக்குச் சோறும் இடமும் கொடுப்பவருக்கும் மரணம் என்று 1585ல் சட்டம் வந்திருந்தது. மறு வருடம் மார்ச்சில் வீட்டைச் சோதனை போட்டார்கள், அங்கே இருந்த ஒரு சிறுவனை மிரட்டி ஒளிவிடத்தைக் காட்ட வைத்தார்கள். நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு மார்கரெட் பதில் சொல்ல மறுத்துவிட்டார், சொன்னால் விசாரணை நடக்கும், சொந்தப் பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். பதில் சொல்லாதவர்களுக்கு அன்றைய சட்டத்தில் தனித் தண்டனை: முதுகுக்கு அடியில் ஒரு கூரான கல், மேலே ஒரு கதவு, கதவின் மேல் பாறாங்கற்கள். கால் மணி நேரம் ஆனது. 1586 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. இந்த அம்மாள் ராணியைக் கொல்லத் திட்டம் போட்டதாக யாருமே சொல்லவில்லை.

இடையில் ஒன்று. ராணிக்கு எதிர்ப்பு கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிரெஞ்சுக் கத்தோலிக்க இளவரசரை மணக்கக் கூடாது என்று 1579ல் புத்தகம் போட்ட ஜான் ஸ்டப்ஸ் தீவிர புராட்டஸ்டண்ட். வலது கையை வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் இடது கையால் தொப்பியைக் கழற்றி 'ராணி வாழ்க' என்றார் மனிதர். அவருக்கு ராணியின் மேல் இருந்த பக்தியில் சந்தேகமே இல்லை, அதனால் கை தப்பவுமில்லை.

அப்புறம் பாபிங்டன் சதி, என் பேட்டை. 1586ல் மேரி ஸ்டாஃபோர்ட்ஷயரில் சார்ட்லி மாளிகையில் கடுங்காவலில் இருந்தார், வெளியே ஒரு துண்டுக் காகிதம் போக முடியாது. திடீரென்று ஒரு வழி திறந்தது: கடிதத்தை நீர் புகாத உறையில் வைத்து பீர் பீப்பாயின் அடைப்புக்குள் செருகி அனுப்பலாம். கொண்டுவந்தவர் கில்பர்ட் கிஃபர்ட் என்ற கத்தோலிக்க இளைஞர். அவர் உளவுத் தலைவர் வால்சிங்கத்தின் ஆள் என்பது மேரிக்குத் தெரியாது. பீர் காய்ச்சுகிறவர் மேரியிடமும் காசு வாங்கினார், அரசிடமும் வாங்கினார், அதுவும் போதாமல் பீர் விலையையும் ஏற்றிக் கேட்டார். இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த ஆள் இவர்தான்.

எல்லாக் கடிதமும் சங்கேதத்தில். எழுத்துக்கு ஒரு குறி, அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக் குறி, அவ்வளவுதான். அம்மைத் தழும்பு முகமும் கிட்டப்பார்வையுமாக தாமஸ் ஃபெலிப்ஸ் என்றொருவர் உட்கார்ந்து அதையெல்லாம் செய்தித்தாள் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார். என் தொழிலில் அடிக்கடி பார்ப்பது இது: பூட்டே இல்லை என்று தெரிந்தவன் வாயைக் காத்துக்கொள்வான், ஓட்டைப் பூட்டை நம்புகிறவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அந்தோணி பாபிங்டன் என்ற 24 வயதுப் பணக்காரப் பையன், ஆறு பேர் ராணியைத் தீர்த்துக்கட்டுவார்கள், வெளிநாட்டுப் படை வரும், உங்களை மீட்போம் என்று விலாவாரியாக எழுதினான். ஜூலை 17 அன்று மேரி பதில் எழுதினார், அந்த ஆறு பேரை எப்போது வேலையில் இறக்குவது என்பது உட்பட. ஃபெலிப்ஸ் படித்து முடித்துத் தன் பிரதியில் ஒரு தூக்குமரப் படம் வரைந்தார். அதோடு விடவில்லை, அந்த ஆறு பேரின் பெயரைச் சொல் என்று மேரி கேட்பதுபோல அதே சங்கேதத்தில் ஒரு பின்குறிப்பையும் தானே சேர்த்துவிட்டார். பாபிங்டன் முடியை வெட்டி, முகத்தில் அக்ரூட் சாறு பூசிக்கொண்டு காட்டில் ஒளிந்து பார்த்தான், சில நாள்தான்.

ஆகவே ஊதிப் பெருக்கியதா என்ற கேள்விக்கு பாபிங்டன் விஷயத்தில் என் பதில்: சதி நிஜம், ஆனால் அரசு கதவைத் திறந்து வைத்து, விளக்கையும் ஏற்றி வைத்துக் காத்திருந்தது. ராணியைக் கொல்லும் வாய்ப்பு அந்தப் பையன்களுக்குக் கடைசிவரை இருந்ததாக நான் நம்பவில்லை.

எலிசபெத் 1587 பிப்ரவரி 1 அன்று மரண ஆணையில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சத்தமில்லாமல் முடித்துவிட முடியுமா என்று மேரியின் காவல் அதிகாரி பாலெட்டுக்கு எழுதச் சொன்னார். பாலெட் மேரியைக் கண்டாலே ஆகாத கடுமையான பியூரிட்டன், அதாவது தீவிர புராட்டஸ்டண்ட். ஆனாலும் சட்டப்படி இல்லாமல் ரத்தம் சிந்தி என் மனசாட்சியை மூழ்கடிக்க மாட்டேன் என்று பதில் எழுதினார். மந்திரிகள் ஆணையை ராணிக்குச் சொல்லாமலே அனுப்பினார்கள். எட்டாம் தேதி ஃபாதரிங்கே கோட்டையில் மேரி கறுப்பு மேலாடையைக் கழற்றியபோது உள்ளே சிவப்பு, கத்தோலிக்க வழக்கில் வேதசாட்சியின் நிறம். முதல் வெட்டு சரியாக விழவில்லை. எலிசபெத் கொதித்தெழுந்து, ஆணையைக் கையில் வைத்திருந்த செயலர் டேவிசனை டவரில் போட்டார். அந்தக் கோபத்தில் எவ்வளவு நடிப்பு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், என் கணக்கில் பாதிக்கு மேல் நடிப்பு.

மறு வருடம் ஸ்பெயின் மன்னர் பிலிப் சுமார் 130 கப்பல்கள் கொண்ட அர்மடா என்ற கடற்படையை இங்கிலாந்தின் மேல் அனுப்பினார். 18 வருடம் எல்லோரும் பயந்த நேரம் இதுதான், போப் ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்நாட்டுக் கத்தோலிக்கர்கள் எழுந்திருக்க வேண்டிய நாள். யாரும் எழவில்லை. அர்மடா சிதறி வடக்கே ஓடி ஒரு மாதம்கூட ஆகாத ஆகஸ்ட் கடைசியில் லண்டனைச் சுற்றிப் புதுத் தூக்குமரங்கள் நட்டார்கள். ஆகஸ்ட் 30 அன்று டைபர்னில் தூக்கிலிட்டவர்களில் மார்கரெட் வார்டு என்ற பெண்ணும் ஒருவர். ஸ்பானியர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சிறையில் இருந்த ஒரு பாதிரியாருக்குக் கூடையில் மறைத்து ஒரு கயிறு கொண்டுபோய்க் கொடுத்திருந்தார், பாதிரியார் தப்பிவிட்டார், கயிறு மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.