அக்கா ஏன் சேமக்காலைக்கு வரவில்லை?

மதிப்பிற்குரிய ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அம்மா காலமான பின் வந்த முதல் கல்லறைத் திருநாளில், திருமணத்திற்குப் பின் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்ட என் அக்கா சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்திற்கு) வர மறுத்துவிட்டார். பெற்ற தாய்க்கு ஒரு மெழுகுதிரி ஏற்றக்கூட மனமில்லாமற் போனது எப்படி? ஒரே வேதத்தை வைத்திருக்கும் நமக்குள் நாட்கள் மட்டும் ஏன் வேறுபடுகின்றன?

தங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இருவரின் வேதமும் முழுவதும் ஒன்றல்ல. இறந்தோருக்காக மன்றாடுவதற்குக் கத்தோலிக்கர் ஆதாரம் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் உங்கள் வீட்டு விவிலியத்தில் இருக்கிறது. அக்காவின் வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்கு நம் செபம் துணை செய்யும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நவம்பர் 2ஆம் திகதிக் கல்லறைத் திருநாள் நிற்கிறது. மரணத்தோடு ஒருவரின் நிலை தீர்ந்துவிடுகிறது என்று உண்மையாக நம்புகிறவர், அந்தச் செபத்தில் வாயளவில் மட்டும் கலந்துகொள்ள வேண்டுமென்று நாம் கேட்கலாமா?

இது உங்கள் வீட்டில் தொடங்கிய பிணக்கன்று. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து சீர்திருத்தச் சபைகள் பிரியக் காரணமான ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர், இறந்தோரின் ஆன்மாக்களுக்காகவும் விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்துத் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டது 1517 அக்டோபர் 31இல், அதாவது சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாளில். இன்றும் லூதரன் சபையார் அக்டோபர் 31ஐச் சீர்திருத்த நாளாக நினைவுகூர, கத்தோலிக்கர் நவம்பர் 1ஐப் புனிதர்களுக்கும் 2ஐ இறந்தோருக்கும் ஒதுக்குகின்றனர். அடுத்தடுத்த மூன்று நாட்களுக்குள் அந்தப் பழைய வழக்கு முழுவதும் அடங்கியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. ஆங்கிலிக்கன் சபை தன் 39 விதிகளில் 22ஆவதில் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தபோதிலும், அச்சபையார் பலர் நவம்பர் 2இல் தம் மரித்தோரை நன்றியோடு நினைக்கிறார்கள்.

பெரிய வெள்ளியிலும் உயிர்த்த ஞாயிறிலும் நீங்களும் அக்காவும் அவரவர் ஆலயத்தில் ஒரே நிகழ்வை நினைத்தே கூடுகிறீர்கள். திருநீற்றுப் புதன், ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு போன்றவற்றிலேயே பிரிவு தொடங்குகிறது.

உங்கள் மனம் நொந்தது நியாயமே. ஆனால் அக்கா மறுத்தது வழிபாட்டைத்தான், அம்மாவை அல்ல என்றே நான் கருதுகிறேன். அடுத்த ஐப்பசியில், திருநாளுக்குச் சில நாள் முன்பாக, மழையில் கரைந்த அம்மாவின் கல்லறை மேட்டுக்கு மண் அணைக்கவும் புல் பிடுங்கவும் வருமாறு அவரை அழையுங்கள். அந்த வேலையைத் தடுக்கும் போதனை எந்தச் சபையிலும் இருப்பதாக நான் அறியேன். மெழுகுதிரியை 2ஆம் திகதி நீங்கள் ஏற்றுங்கள். அன்று அவர் ஏன் வரவில்லை என்று உறவினர் கேட்டால், மேட்டைச் சீர்செய்தவர் அக்காதான் என்று சொல்லுங்கள்.