கல்லா நிறைகிறது, கையில் ஏன் நிற்பதில்லை? – தொழில் கேள்வி பதில்

கே: தாராபுரம் பக்கம் மரச்செக்கு போட்டு ஒரு வருடம் ஆகிறது. கடலை எண்ணெய் நன்றாகவே விற்கிறது, ஒருமுறை வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விலையை ஏற்றினால் ஆள் வராமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது சார்.
– ஒரு வாசகி

ப: வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள் என்றால் பொருளில் குறையில்லை அம்மா, பாதிப் பேருக்கு வாய்க்காத விஷயம் இது. சிக்கல் விலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர்ச் செக்கில் என்ன விலை என்று விசாரித்து, அதில் பத்து ரூபாய் குறைத்து போர்டு எழுதுவதுதான் நம் ஊர் வழக்கம்.

ஒரு பேப்பரை எடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகும். கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் வாங்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், 300 ரூபாய் ஆயிற்று. புண்ணாக்கு ஒன்றேகால் கிலோ கிடைக்கும், அது கிலோ 40-க்குப் போனால் 50 ரூபாய் கழியும். மீதி 250. இதன் தலையில் பாட்டில், லேபிள், கரண்ட், ஆள் கூலி, கடை வாடகை, செக்கு வாங்கிய கடனுக்கு வட்டி, கசடு இறங்கி வீணாவது எல்லாவற்றையும் ஏற்றினால் லிட்டருக்கு 50 ரூபாய் சுலபமாக வந்துவிடும். அடக்கமே 300. நீங்கள் 310-க்கு விற்கிறீர்கள், நாளைக்கு இருபது லிட்டர் ஓடுகிறது என்றால் மிச்சம் 200 ரூபாய். காட்டு வேலைக்குப் போனால்கூட இதைவிட அதிகம் கிடைக்கும்! காலையிலிருந்து ராத்திரி வரை கடையில் நிற்கிறீர்களே, அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? அதையும் செலவில் ஏற்றிவிட்டு அப்புறம் விலை வையுங்கள். லிட்டருக்கு முப்பது ரூபாய் ஏற்றினால் சிலர் போவார்கள், போகட்டும். விலைக்காக மட்டும் வருகிறவர் எப்படியும் ஒருநாள் பாக்கெட் எண்ணெய்க்குப் போகிறவர்தான்.

இன்னொன்று, செக்கில் லாபம் விற்கும்போது வருவதைவிடக் கடலை வாங்கும்போது வருவதுதான் அதிகம். அறுவடை நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் விலை இறங்கும்போது மூட்டையாக வாங்கி, நன்றாகக் காயவைத்து அடுக்க முடிந்தால் அடக்கவிலையே மாறிவிடும். முத்ரா கடன் வாங்குவதாக இருந்தால் இதற்கு வாங்குங்கள், இரண்டாவது செக்குக்கு வேண்டாம். 50,000 ரூபாய் வரை ‘சிசு’ பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’, இரண்டுக்குமே சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயும் ஆட்டுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள், மூன்றில் எது உங்களுக்குச் சோறு போடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கே: திருப்பூரில் பத்து தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறேன் அண்ணா, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. ஒரு கம்பெனி ஐந்து மாதமாக பில் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது, கேட்டால் ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள். எனக்கு சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆகவேண்டும். சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: உண்டு தம்பி. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006-ல் வந்தது. அதன்படி குறு, சிறு தொழில்களிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், நீங்களே 90 நாள் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்றே அரசு நடத்தும் ‘சமாதான்’ இணையதளத்தில் மனு போட்டால் அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும், முதலில் சமரசம் பேசுவார்கள், படியாவிட்டால் தீர்ப்பு.

ஆனால் உங்களிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு, இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், பதிவுக்கு முந்தைய பில்களுக்கு இந்தச் சட்டத்தை நம்பிப் போவது கஷ்டம். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது (ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல, ஏமாறாதீர்கள்). வேலை செய்து கொடுத்ததற்கு டெலிவரி சலான், அவர்கள் வாங்கிக்கொண்ட கையெழுத்து, பில் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். போனில் ‘போட்டுடறேன்’ என்று சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒருவரி எழுத வையுங்கள்.

மனு போட்டால் அந்தக் கம்பெனி வேலை போய்விடும், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் பத்து மெஷினில் எத்தனை மெஷின் அவர்களுக்காக ஓடுகிறது என்பது. எட்டு என்றால் இப்போதைக்கு மனு வேண்டாம், வேறு இரண்டு இடத்தில் ஜாப் ஒர்க் பிடிக்கும் வரை பொறுங்கள். ஆனால் பழைய பாக்கியில் பாதியாவது வராமல் அடுத்த லாட்டைத் தொடாதீர்கள். பாக்கி வரும் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கே மேலும் மேலும் தைத்துக் கொடுத்து, கடைசியில் மெஷினை விற்றவர்கள் திருப்பூரில் நிறையப் பேர். அவர்கள் கணக்குப் பிரிவிடம் இன்னொன்றையும் மெதுவாக நினைவுபடுத்துங்கள். குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, பணம் கொடுக்கிற வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது இந்தப் பேச்சுக்கு மரியாதை கூடும்.

கே: எல்லாவற்றிலும் பெரிய கம்பெனிகள் வந்துவிட்டன. புதிதாக வருகிறவனுக்கு என்னதான் மிச்சம்?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

ப: அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கிய ஆர்.ஜி.சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தபோதும் பெரிய கம்பெனிகள் இருந்தன. மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 13,000 என்றதும் கைதட்டு வாங்குகிறார்கள், அந்தக் காலத்தில் அது ஒன்றும் சின்னத் தொகை இல்லை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. சென்னைக் கடைகளில் பெரியவர்களோடு மோதிக்கொண்டு நிற்காமல் கல்லூரி கேன்டீன்களுக்குப் போனார், பிறகு பெரிய பிராண்டுகள் எட்டிப்பார்க்காத சின்ன ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். கடலூரில் 1983-ல் சி.கே.ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பூவும், பாட்டில் வாங்க முடியாத கிராமத்து வீடுகளுக்குச் சாஷேயில்தான் போய்ச் சேர்ந்தது. விருதுநகரைச் சுற்றி அப்படி யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட வாடிக்கையாளர் யார் என்று இரண்டு மாதம் சுற்றிப் பாருங்கள். அதுவரை கடை வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கே: கடைக்குப் பெயர் வைக்க நியூமராலஜி பார்க்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

ப: தாராளமாக. பார்த்து முடித்ததும் டிரேட்மார்க் அலுவலகத் தளத்தில் அதே பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்றும் தேடிவிடுங்கள், தேடுவது இலவசம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு, 4,500 ரூபாய். நியூமராலஜிக்காரர் எவ்வளவு கேட்டார்?