1939-ல் பறிபோன பிர்னோ பங்களா: கொள்ளுப்பேத்தி வழக்குப் போடலாமா?

கேள்வி: செக் நாட்டில் பிர்னோவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் தோழி இஸ்ரேல்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கே துணி வியாபாரி, யூதர். பங்களாவை 1939-ல் நாஜிகள் பிடுங்கிக்கொண்டார்கள். பழைய பத்திர நகல் கையில் இருக்கிறது. பறித்தது செல்லாது என்றால் வீடு இவருக்குத்தானே சார்?

பதில்: அந்த நகலை மட்டும் நம்பி வழக்கில் இறங்க வேண்டாம். இதேபோல் யூதக் குடும்பத்திடமிருந்து பறிபோன உங்கள் ஊர் துகெந்தாட் வில்லா கதையைத் தேதிவாரியாகப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

ஃபிரிட்ஸ், கிரெட்டே துகெந்தாட் தம்பதி ஜவுளிக் குடும்பம். கிரெட்டேயின் அப்பா கொடுத்த மனையில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1930-ல் கட்டி முடித்த வீடு. 1938-ல் குடும்பம் வெளியேறியது, 1939-ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கைப்பற்றியது, 1942-ல் ஜெர்மன் அரசின் சொத்தாகவே மாற்றிவிட்டார்கள். போர் முடிந்ததும், ஆக்கிரமிப்புக் காலத்தில் மிரட்டி நடந்த கைமாற்றங்கள் செல்லாது என்று 1945-லேயே அதிபர் ஆணை வந்தது; அதுவரை தோழி சொல்வது சரி. ஆனால் செல்லாது என்றதும் சாவி வீடு தேடி வராது, மனுப் போட்டு வாங்க வேண்டும். பலருடைய மனு இழுத்துக்கொண்டே கிடக்க, 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1950-ல் இந்த வில்லாவும் அரசு வசம் போனது.

அப்புறம் பறித்த சொத்தைத் திருப்பித் தருவதற்கு 1991-ல் வந்த 87-ஆம் எண் சட்டம், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த 25.2.1948-க்குப் பிறகு பறித்ததைத்தான் கணக்கில் எடுத்தது. 1994-ல் நாஜிக் காலத்தில் இழந்தவர்களையும் சேர்த்தார்கள், ஆனால் செக் குடியுரிமை இருந்தால்தான். உயிருக்குப் பயந்து ஓடியவர் குடும்பத்திடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்! இந்த நிபந்தனை பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1995-ல் சொன்னது, செக் அரசு மாற்றவில்லை. மனுவுக்கான கெடுவும் 1990-களிலேயே முடிந்துவிட்டது. வீட்டு விஷயத்தில் எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டுக்குள் இருந்த பொருட்கள் வேறு கணக்கு. 2000-ஆம் வருடத்து 212-ஆம் எண் சட்டம் பறிபோன கலைப்பொருட்களுக்கானது, குடியுரிமை கேட்பதில்லை. பிர்னோ வக்கீல் ஆர்தர் ஃபெல்ட்மான் சேர்த்த கோட்டோவியங்கள் பல வாரிசுகளுக்குத் திரும்பின. வீடே கலைப்படைப்புதானே என்று துகெந்தாட் வாரிசுகளும் 2007-ல் கேட்டுப் பார்த்தார்கள் (நல்ல வாதம், எனக்குப் பிடித்திருந்தது), வில்லா இன்றும் நகராட்சியிடம்தான். அதன் சாப்பாட்டுப் பகுதியின் கருங்காலிச் சுவர்ப் பலகைகள் 2011-ல் எங்கே கிடைத்தன தெரியுமா? முன்பு கெஸ்டபோ இருந்த சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் கேன்டீனில்!

அதனால் பங்களாவில் ஓவியம், சிலை, பழைய மரச்சாமான் என்னென்ன இருந்தன என்று குடும்பப் போட்டோ, கடிதங்களை வைத்து முதலில் பட்டியல் போடச் சொல்லுங்கள். பொருள் அரசு மியூசியத்தில் இருந்தால்தான் கேட்கலாம். தனியார் கையில் இருந்தால் இந்தச் சட்டம் உதவாது.