ஹைடல்பெர்க் ரயில் நிலையம் என்ற அந்தக் 'கண்ணாடி டப்பா' பழைய நகரத்தை விட்டு ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது? பழைய நிலையம் போரில் இடிந்துவிட்டதா?

இல்லை. இரண்டாம் உலகப்போரில் பெரிய குண்டுவீச்சு இல்லாமல் தப்பிய ஜெர்மன் ஊர்களில் ஹைடல்பெர்க் ஒன்று. நிலையத்தை மேற்கே தள்ளிக் கட்டும் யோசனை முதல் உலகப்போருக்கும் முந்தையது.

பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். கோட்டையையும் பழைய பாலத்தையும் தேடி ஏமாந்திருப்பீர்கள். அதனால்தான் கேள்வியிலேயே 'கண்ணாடி டப்பா' என்று எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்த ஊரில் பல வருடமாக இருப்பவன் என்பதால் அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹைடல்பெர்க் அன்று சேர்ந்திருந்த பாடன் நாட்டின் முதல் ரயில் 1840 செப்டம்பர் 12 அன்று மான்ஹைமிலிருந்து ஹைடல்பெர்குக்கு ஓடியது. அப்போது நிலையம் இன்றைய பிஸ்மார்க்பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கத்தில், பழைய நகரத்தின் வாசலிலேயே இருந்தது. பாடன்காரர்கள் 1600 மில்லிமீட்டர் அகலப்பாதை போட்டார்கள். 1846-ல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த மைன்-நெக்கார் பாதையோ 1435. ஒரே ஊரில் இரண்டு அளவு. ஆளும் சரக்கும் இங்கே இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். 1854-55-ல் பாடன் தன் பாதையை மாற்றிப் போட்டுத்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒழியாத தொல்லை ஒன்று இருந்தது. வடக்குப் பாதையும் தெற்குப் பாதையும் ஒரே பக்கமாகத்தான் நிலையத்துக்குள் வந்தன. அதனால் வடக்கிலிருந்து வந்து தெற்கே போகும் ரயில் இந்த நிலையத்தில் நுழைந்தால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

என் பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்திருந்தபோது கோட்டைக்குக் கூப்பிட்டேன். "கோட்டை எங்கயும் ஓடிப் போயிடாது தம்பி, முதல்ல ஸ்டேஷனக் காட்டு" என்றார். பழைய நிலையத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், நான் முடிப்பதற்குள், "அப்ப ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சினைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டணுமே! ஊர் நடுவுல ஷண்டிங்குக்கு எடம் ஏது?" என்றார். விஷயமே அதுதான். நிலையத்தை விரிக்க இடமில்லை. ஊர் வேறு அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

புது இடத்துக்கான வேலை 1900-களில் தொடங்கி, 1914-ல் கோனிக்ஸ்டூல் மலைக்கடியில் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் சுரங்கப்பாதையும் திறந்தாயிற்று. அப்புறம் போர், பணமுடை, மறுபடி போர். பயணிகள் நிலையம் திறக்க 1955 ஆகிவிட்டது. மே 5 அன்று குடியரசுத் தலைவர் தியோடோர் ஹோய்ஸ் வந்து திறந்துவைத்தார். மேற்கு ஜெர்மனி இறையாண்மை பெற்ற நாளும் அதுவே.

ஹெல்முத் கொன்ராடி வடிவமைத்த அந்தக் கூடத்தைப் பார்த்ததும் பெரியப்பா கேட்டது: "கட்டடம் ஏன்டா தண்டவாளத்துக்குக் கோணலா நிக்குது?" கூடம் ஊரைப் பார்த்து நிற்கிறது. பழைய தண்டவாளங்களை எடுத்த இடத்தில் போட்ட குர்ஃபூர்ஸ்டன் சாலையின் போக்குக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்தார்கள். தண்டவாளங்கள் தெருமட்டத்துக்குக் கீழே ஓடுகின்றன. அதனால் கூடத்திலிருந்து படியேறாமல் நேரே நடந்தால் ரயில்களுக்கு மேலே பாலம் போன்ற அகலமான நடைவழி. அங்கிருந்து ஒவ்வொரு நடைமேடைக்கும் படியிறங்கலாம். கூடத்துச் சுவரில் எட்கர் ஜான் செய்த கீறல் ஓவியம் இருக்கிறது. நிறம் நிறமாகச் சாந்து பூசி, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறி அடிநிறத்தை வெளிக்கொண்டுவரும் வேலை அது. பக்கவெளிச்சம் விழும்போது கீறலின் விளிம்பு நன்றாகத் தெரியும். பெரியப்பா அதன் கீழே வெகுநேரம் நின்றார்.

கட்டடக்கலை படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஐம்பதுகளின் கட்டடமெல்லாம் அழகு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். சும்மா கொடுக்கவில்லை அந்தத் தகுதியை. ஊரை விட்டுத் தள்ளிப் போனது வசதிக்குறைவு என்பதையும் மறுக்கவில்லை.

தெற்கே பழைய சரக்கு நிலையம் இருந்த இடத்தில் இப்போது பான்ஸ்டாட் என்ற புதுக் குடியிருப்பு இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைத்தெருதான் பார்க்கவேண்டும் என்றால் வாசலிலேயே டிராம் ஏறி பிஸ்மார்க்பிளாட்ஸில் இறங்குங்கள். கோட்டைப் பக்கம் போக எஸ்-பான் என்ற புறநகர் ரயில் நல்லது. அந்த 1914 சுரங்கப்பாதை வழியாகவே போய் ஹைடல்பெர்க்-ஆல்ட்ஸ்டாட் நிலையத்தில் இறக்கிவிடும். எஸ்1 அல்லது எஸ்2 பார்த்து ஏறுங்கள். எஸ்3, எஸ்4 தெற்கே திரும்பிவிடும்.