பழைய லீ-என்ஃபீல்டு, புது ரைஃபிள்: ஒரே பீப் சைட் போதுமா?

கேள்வி: பெர்த்தில் இருக்கும் என் அத்தானிடம் லைசென்ஸோடு கையால் தாழை இழுத்து ஒவ்வொரு குண்டாக ஏற்றும் இரண்டு போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்கள் இருக்கின்றன. ஒன்று முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3. இன்னொன்று போன வருடம் வாங்கிய புதுசு. வயது 52 ஆகிவிட்டது, குறிபார்க்கும் பின் சைட்டின் வெட்டு மங்கலாகத் தெரிகிறது என்கிறார். பிறந்தநாளுக்கு பீப் சைட் (வெட்டுக்குப் பதில் சின்னத் துளை உள்ள பின் சைட்) வாங்கித் தர ஆசை. ஒன்றையே இரண்டிலும் மாற்றிப் போடலாமா? சிங்கப்பூருக்கு வரவழைத்து டிசம்பரில் கையோடு கொண்டுபோகலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். இங்கே வரவழைக்காதீர்கள். துப்பாக்கி, அதன் பாகம் என்றாலே நம் ஊரில் சட்டம் மிகக் கடுமை. "வெறும் இரும்புத் துண்டுதானே" என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பெட்டியில் போட்டு சாங்கி விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். பணத்தை நீங்கள் கட்டுங்கள், பொருள் அத்தான் வீட்டுக்கே போகட்டும். இங்கே தருவித்தே ஆக வேண்டுமென்றால், போலீஸ் உரிமப் பிரிவின் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் கொடுங்கள்.

பீப் சைட் அத்தானுக்கு நல்ல யோசனைதான். தேசிய சேவையில் எம்16 பிடித்தவர்களுக்கு அந்தச் சின்ன வட்டத் துளை நினைவிருக்கும். துளையைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகக் குழல் நுனியில் முள்போல நிற்கும் முன் சைட்டைப் பார்த்தால் போதும். கண் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். வெட்டு, முன் முள், இலக்கு என்று மூன்றையும் மாறி மாறிப் பார்க்கும் சிரமம் இல்லை. துளை சிறிதாக இருப்பதால் முன் முள்ளும் தெளிவாகத் தெரியும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் ஒரே சைட் இரண்டுக்கும் பொருந்தாது. புது ரைஃபிள்களில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்ட ரிசீவரிலேயே, அதாவது குழலுக்குப் பின்னால் தாழ் ஓடும் பகுதியிலேயே, திருகுத் துளையோ பள்ளமோ இருக்கும், பின் சைட்டை அதில் உட்கார வைத்துவிடலாம். சிக்கல் முன்பக்கம். பெரும்பாலானவை முன் சைட் இல்லாத மொட்டைக் குழலோடு வருகின்றன. முன் சைட்டுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

லீ-என்ஃபீல்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு: ரிசீவரில் புதிதாகத் துளை போட விடாதீர்கள். நூறு வருடத்துப் பொருளில் போட்ட துளையை அடைத்தாலும் பழையபடி ஆகாது, மதிப்பும் இறங்கிவிடும். ஏற்கெனவே இருக்கும் திருகுத் துளைகளைக் கொண்டே நிற்கும் மவுண்டாக (சைட்டைத் தாங்கும் பிடி) தேடுங்கள். அவருடையது பின்னால் வந்த நம்பர் 4 மாடலாக இருந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை, அதில் தொழிற்சாலையிலேயே பீப் சைட் வைத்துவிட்டார்கள்.

அப்புறம், பலர் பணத்தை இழக்கும் இடம் முன் சைட்டின் உயரம். புது பீப் சைட் பழைய வெட்டைவிட உயரமாக உட்கார்ந்தால், அதை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் குண்டு மேலேயே போகும். கணக்கு எளிது. 50 மீட்டரில் 10 செ.மீ. மேலே அடிக்கிறது, இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 70 செ.மீ. என்று வையுங்கள். 100 மி.மீ.யை 700 மி.மீ.யால் பெருக்கி 50,000 மி.மீ.யால் வகுத்தால் 1.4 மி.மீ. இப்போது இருப்பதைவிட அவ்வளவு உயரமான முன் முள் வேண்டும். லீ-என்ஃபீல்டு முட்கள் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. வித்தியாசத்தில் பல உயரங்களில் வரும். நான்கு படி உயரமானதைப் போட்டால் 1.5 மி.மீ. கிடைக்கும், மிச்சத்தைப் பின் சைட்டின் திருகு பார்த்துக்கொள்ளும். இப்போது இருக்கும் முள்ளில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

துளையின் அளவும் முக்கியம். காகித இலக்குக்குச் சுமார் 1 மி.மீ. நன்றாக இருக்கும், ஆனால் மாலை வெளிச்சத்தில் அதன் வழியே ஒன்றும் தெரியாது. வேறு வேறு அளவுத் துளை உள்ள, கழற்றி மாற்றும் வட்டுகளோடு வரும் சைட்டாக வாங்கினால் இலக்குக்கும் மாலை வெளிச்சத்துக்கும் ஆகும்.

ஏற்கெனவே பயன்படுத்திய பழைய சைட் வாங்குவதென்றால் அடித்தட்டு, திருகுகள், வட்டு எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு, அடிப்பக்கத்தின் படத்தையும் வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் விளம்பரப் படத்தை நம்பி வாங்கினார். வந்த பெட்டியில் அடித்தட்டு இல்லை. தனியாகத் தேடி வாங்கியதில் சைட்டின் விலையைவிட அதிகம் செலவானது.